உப்பு வண்டி

"உப்பாயிருங்கள்" என்றார் போதகர்,
போன ஞாயிறு, வாடகை மண்டபத்தில்.
முன்வரிசையில் இருந்து சிரித்துவிட்டேன்.
இரவுக்கு இரண்டு தரம்
பத்துத் தொன் உப்பு ஏற்றுகிறவன் நான்.
ஓஷவா நகரசபை, பதினேழாம் இலக்க வண்டி.
மெற்றில்டா முழங்கையால் இடித்தாள்.

"உலகம் கதவுக்கு வெளியே நிற்கிறது" என்றும் சொன்னார்,
"பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்."
திரும்பிப் பார்த்தேன்.
வெளியே மைனஸ் பன்னிரண்டு,
ஒரு பஸ் தரிப்பு,
பனியில் புதைந்த யாரோ ஒருவரின் காரைத்
தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த
மூக்குவளையப் பெட்டை ஒருத்தி.

உப்பைப் பற்றி எனக்குச் சில விஷயம் தெரியும்.
கொட்டகைக்குள் மலையாய்க் கிடக்கும்வரை
அது ஒன்றையும் உருக்காது.
உப்போடு உப்பாய் இறுகி
மார்கழிக்குள் பாறையாகிவிடும்,
அலவாங்கு போட்டுத்தான் உடைக்கவேண்டும்.
சரியென்று அள்ளிக் கொட்டினாலோ
சித்திரையில் தெருவோரப் புல் கருகும்,
சிம்கோ வீதி மேப்பிள்
ஒரு பக்கம் மட்டும் துளிர்க்கும்.
அளவு என்று ஒன்று இருக்கிறது.
வண்டியில் அதற்கொரு குமிழ்.
எனக்குள் அந்தக் குமிழ் எங்கே என்று
இன்னும் தடவிக்கொண்டிருக்கிறேன்.

தை மாதம் டெரெக் சொன்னான்:
"மூன்று சுற்றுப் போனால் நாலென்று எழுது.
எல்லாரும் அப்படித்தான்."
ஊரோடு ஒத்து வாழச் சொல்ல
இங்கிலீசிலும் ஆள் இருக்கிறது.
மூன்றென்றே எழுதினேன்.
சாட்சி ஒன்றும் சொல்லவில்லை.
பேனை அப்படி எழுதிவிட்டது.
இரண்டு கிழமை
என்னோடு ஒருவரும் கோப்பி குடிக்கவில்லை.
தனியே குடித்த கோப்பியில்
ஒரு பெருமை ருசித்தது,
பொய்க்கணக்கைவிடக் கேவலமாய்.

அது பெரிதாய் வளரமுன்
மூப்பர் உதயகுமார் போன் எடுத்தார்.
உலகத்தின் அசுத்தங்களை
ஜெபத்தில் பேர்பேராய்த் துரத்துகிறவர்.
"தம்பி செபநேசன்,
எங்கட வாசல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு.
ரெண்டு வாளி கொண்டு வாருமன்.
சிற்றியின்ர உப்புத்தானே."

சிற்றியின்ர உப்புத்தானே,
சிற்றியின்ர உப்புத்தானே.
அன்றிரவு முழுக்க வைப்பர் அதையே சொல்லிற்று.
விடியக் கடையில் ஒரு பை வாங்கி
ரசீதோடு அவர் வாசலில் வைத்தேன்.
ரசீதைப் பற்றி அவர் இன்னும் பேசவில்லை.

பக்கத்து வீட்டில் ஓவனும் நீலும்.
இருபது வருடம், மூன்றாவது நாய்.
மெற்றில்டாவுக்குப் பித்தப்பை எடுத்த கிழமை
நான் இரவு வேலையில்.
எங்கள் வாசல் பனியை வழித்தது யாரென்று
நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.
சவள் இழுத்த கோடு மட்டும்
அவர்கள் படியிலிருந்து தொடங்கியிருந்தது.

இப்போது அவர்களுக்குக் கல்யாணம்.
நீல அழைப்பிதழ்,
பிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ்.
"போவமே?" என்றாள்.
கல்யாணத்தைப் பற்றி நான் நம்புவது
அவர்களுக்குத் தெரியும்.
ஒருநாள் ஓவன் கேட்டான்,
வேலிக்கு மேலால் சொன்னேன்.
முகம் சுருங்கிற்று அவனுக்கு.
எனக்கும் சுருங்கியிருக்கவேண்டும்.
பிறகு நாயைப் பற்றிப் பேசினோம்.
அதற்குப் பின் நான் மறைக்கவும் இல்லை,
மறுபடி சொல்லவும் இல்லை.

மைனஸ் பதினெட்டுக்குக் கீழே
உப்பு வேலை செய்யாது.
அப்போது மண் தூவுவோம்.
ஒன்றும் உருகாது.
நடக்கிறவன் விழமாட்டான், அவ்வளவுதான்.
மண்ணாய்த்தானே இருந்தோம் முதலில்.

சனிக்கிழமை போனோம்.
மெற்றில்டாவின் கையில் றிச் கேக்.
கதவைத் திறந்த நீல் சொன்னான்,
"சப்பாத்தோடேயே வாருங்கள்,
இன்றைக்கு எல்லாரும் அப்படித்தான்."
எல்லாரும் அப்படித்தான்.
குனிந்து நாடாவை அவிழ்த்தேன்.
சப்பாத்தின் விளிம்பெல்லாம்
வெள்ளை வெள்ளையாய்க் காய்ந்திருந்தது.
வலது காலுறையில் பெருவிரல் வெளியே.
அப்படியே உள்ளே போனேன்.